எது கூட வரும்? கல்லூரிக் கூடைப்பந்திலிருந்து என்.பி.ஏ. வரை

2017 ஜூனில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு மூன்று நாள் இருக்கையில், பாஸ்டன் செல்டிக்ஸ் தன்னிடம் இருந்த முதல் இடத்தைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் இடத்தையும் பிந்தைய ஆண்டொன்றின் முதல் சுற்று இடத்தையும் வாங்கிக்கொண்டது. முதல் இடத்தில் பிலடெல்பியா எடுத்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கெல் ஃபுல்ட்ஸ். மூன்றாம் இடத்தில் பாஸ்டன் எடுத்தவர் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேசன் டேட்டம். இருவருக்கும் அப்போது வயது 19. இருவரும் கல்லூரியில் ஆடியது ஒரே ஒரு சீசன்.

அந்த ஒரு சீசனின் கணக்கு ஃபுல்ட்ஸின் பக்கம்தான் இருந்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக அவர் 23.2 புள்ளி எடுத்திருந்தார், டேட்டம் 16.8. மூன்று புள்ளி வீச்சில் ஃபுல்ட்ஸ் 41.3 சதவீதம், டேட்டம் 34.2. யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் மட்டும் நிலைமை தலைகீழ்: டேட்டம் 84.9, ஃபுல்ட்ஸ் 64.9. என்.பி.ஏ.வுக்குப் போன முதல் சீசனிலேயே டேட்டம் மூன்று புள்ளி வீச்சில் 43.4 சதவீதம் தொட்டார். 2024இல் பாஸ்டன் கோப்பையை வென்றபோது அணியின் முதன்மை வீரர் அவர்தான். ஃபுல்ட்ஸ் முதல் சீசனில் ஆடியது 14 ஆட்டங்கள். பந்தை எறியும் முறையே அவருக்குக் குலைந்துபோயிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்புகள் நசுங்கும் கோளாறு அவருக்கு இருப்பதை 2018 டிசம்பரில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

நரம்புக் கோளாறை எந்தப் புள்ளிவிவரமும் முன்கூட்டிச் சொல்லாது. ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு இளைஞர்களின் வாழ்க்கையை விளக்கிவிடவும் கூடாது. ஆனாலும் இந்த இணை, டிராஃப்ட் மதிப்பீட்டின் மையச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்லூரியில் ஓர் இளைஞர் செய்துகாட்டுவதில் எது தொழில்முறை ஆட்டத்துக்கு அவரோடு கூட வரும்? எது அந்தக் கல்லூரியிலேயே, அந்த அணியிலேயே, அந்த எதிராளிகளிடமே தங்கிவிடும்? கூட வருவதை வராததிலிருந்து பிரித்துப் பார்ப்பதே மதிப்பீட்டாளரின் வேலை. பிரித்த பிறகும் பாதி விடை மிச்சமிருக்கும்; அந்தப் பாதி, அந்த இளைஞர் போய்ச்சேரும் அணியின் கையில் இருக்கிறது.

ஒரு முடிவின் விலை

டிராஃப்டில் 30 அணிகள், இரண்டு சுற்று, மொத்தம் 60 இடங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடும் இளைஞர்களும் அதே 60 இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். பிளேஆஃப் சுற்றுக்குப் போகாத 14 அணிகளிடையே முதல் இடங்களுக்கு லாட்டரி நடக்கிறது. வேண்டுமென்றே தோற்கும் ஆசையைக் குறைக்க, 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பை ஒரே அளவாக, 14 சதவீதமாக, வைத்தார்கள்.

முதல் சுற்றில் எடுக்கப்படுபவரின் சம்பளம் முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி அமைகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்வதா என்பதை அணி முடிவு செய்யும். ஆகவே சரியானவரை எடுத்த அணிக்கு, சந்தை விலையில் ஒரு பங்குக்கு, நான்கு ஆண்டுகள் ஒரு பெரிய வீரர் கிடைக்கிறார். தவறவிட்ட அணி அதே நான்கு ஆண்டுகளைத் தொலைக்கிறது.

பள்ளி முடித்த கையோடு டிராஃப்டுக்கு வருவதை 2006 முதல் தடுத்துவிட்டார்கள். டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்க மாணவரானால் பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டு ஆகியிருக்கவும் வேண்டும். இந்த விதியால் மிகத் திறமையான பலர் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டு வருகிறார்கள். மதிப்பீட்டாளர் கையில் இருப்பது முப்பத்துச் சொச்சம் ஆட்டங்கள். அதை வைத்து அவர் அடுத்த பத்தாண்டைக் கணிக்க வேண்டும்.

ஆட்டம் ஒன்று போலத் தெரியும்

பந்தும் ஒன்று, வளையத்தின் பத்து அடி உயரமும் ஒன்று. மற்றது பெரும்பாலும் வேறு. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. 48 நிமிடம். கல்லூரியில் ஒரு முறை பந்தைக் கொண்டுவந்து எறிய 30 வினாடி அவகாசம், என்.பி.ஏ.வில் 24. ஃபுல்ட்ஸும் டேட்டமும் ஆடிய காலத்தில் கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 2019-20 சீசனில் அதை 22 அடி ஒன்றே முக்கால் அங்குலத்துக்குத் தள்ளினார்கள். என்.பி.ஏ. கோடு நேர் எதிரே 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி.

தடுப்பாட்டத்தில் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரிது. என்.பி.ஏ.வில் யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடியில் மூன்று வினாடிக்கு மேல் ஒருவர் நிற்கக் கூடாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை. அதனால் ஓர் உயரமான பையன் வளையத்தடியிலேயே நின்று, வரும் பந்தையெல்லாம் தட்டிவிட முடிகிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஹஷீம் தபீத் ஏழடி மூன்று அங்குல உயரம். கடைசி சீசனில் ஆட்டத்துக்கு 4.2 வீச்சுகளைத் தட்டினார். 2009இல் மெம்ஃபிஸ் அவரை இரண்டாம் இடத்தில் எடுத்தது. என்.பி.ஏ.வில் அவர் வளையத்தை விட்டு வெளியே வந்து, பந்தோடு ஓடிவரும் சிறிய வேகமான வீரரை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கல்லூரி அவரிடம் கேட்காத வேலை அது. முதல் சீசனிலேயே அவர் வளர்ச்சி லீகுக்கு அனுப்பப்பட்டார்.

அதே டிராஃப்டில் ஐந்தாம், ஆறாம் இடங்கள் இரண்டும் மினசோட்டாவின் கையில் இருந்தன. இரண்டிலும் பந்தை நடத்திச்செல்லும் கார்டுகளையே அது எடுத்தது: ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். ஏழாம் இடத்தில் கோல்டன் ஸ்டேட் எடுத்தவர் ஸ்டீஃபன் கரி. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் படித்தவர், மெல்லிய உடல்வாகு, கைநீட்டம் உயரத்தைவிடச் சற்றே அதிகம். ஆனால் ஒரே சீசனில் 162 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டுக் கல்லூரிச் சாதனை படைத்தவர். அதற்கடுத்த சீசனில் 28.6 சராசரியோடு நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். எதிரணிகள் முழுக் கவனத்தையும் தன் மீது குவித்திருந்தபோதும், தானே பந்தைக் கொண்டுவந்து தொலைவிலிருந்து எறியும் திறன் அவரிடம் இருந்தது. அந்தத் திறன் எந்த அணிக்குப் போனாலும் கூட வரக்கூடியது.

இப்படிச் சொல்வதால் புள்ளி எடுப்பவரே நல்ல தேர்வு என்று ஆகிவிடாது. கோன்சாகாவின் ஆடம் மாரிசன் 2005-06இல் 28.1 சராசரியோடு நாட்டில் முதலிடம் பிடித்தார். ஷார்லட் அவரை மூன்றாம் இடத்தில் எடுத்தது. எதிராளியைத் தாண்டிப் போகும் வேகம் குறைவு, தடுப்பாட்டம் பலவீனம், பிறகு முழங்கால் காயம் வேறு. அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை சில சீசன்களில் முடிந்தது. பெரி, புரூக், ஃபென் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரந்த தரவில் காட்டியது: டிராஃப்டில் ஒருவருடைய இடத்தை முடிவு செய்வதில் மிகப் பெரிய பங்கு அவர் எடுத்த புள்ளிகளுக்கே, ஆனால் பின்னாளில் அவர் அணிக்குத் தரும் பயனோடு அதன் உறவு அவ்வளவு வலுவானதில்லை. கண்ணுக்கு முதலில் படும் எண்ணுக்கு அணிகள் அதிக விலை கொடுக்கின்றன.

பதினைந்து அடிக் கோட்டில்

ஃப்ரீ த்ரோவை ஏன் இவ்வளவு முக்கியமாகப் பேச வேண்டும்? இரண்டு ஆட்டங்களிலும் துளியும் மாறாத ஒரே வீச்சு அதுதான். பதினைந்து அடி தொலைவு. எதிரே தடுக்கும் கை கிடையாது. யாரும் துரத்துவதில்லை. வீரர் கோட்டில் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, மணிக்கட்டை மடக்கி எறிகிறார். அவருடைய கை பந்தை எவ்வளவு சீராக விடுகிறது என்பது மட்டும் அங்கே தெரிகிறது. மூன்று புள்ளி வீச்சின் கணக்கில் அதோடு பலவும் கலந்துவிடுகின்றன: பந்து எப்படிக் கொடுக்கப்பட்டது, காவல் எவ்வளவு அருகில் இருந்தது, கடிகாரத்தில் மிச்சம் எவ்வளவு.

எண்ணிக்கை குறைவு என்ற சிக்கலும் உண்டு. கென்டக்கியின் டைரீஸ் மேக்ஸி 2019-20இல் 113 மூன்று புள்ளி வீச்சுகளை எறிந்து 33 போட்டார். அது 29.2 சதவீதம், மோசமான கணக்கு. ஆனால் உண்மையான திறன் 35 சதவீதம் உள்ள ஒருவர் 113 முறை எறிந்தால், தற்செயலின் காரணமாகவே அவருடைய கணக்கு 26க்கும் 44க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த 29.2ஐ வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேக்ஸியின் ஃப்ரீ த்ரோ 83.3 சதவீதம். ஃபுல்ட்ஸை எடுத்த அதே பிலடெல்பியா, 2020இல் மேக்ஸியை 21ஆம் இடத்தில் எடுத்தது. இரண்டாம் சீசனில் அவர் மூன்று புள்ளி வீச்சில் 42.7 சதவீதம் போட்டார்.

கவாய் லெனர்டின் கதையும் இதே வழியில் போகிறது. சான் டியேகோ ஸ்டேட்டில் இரண்டாம் ஆண்டில் மூன்று புள்ளி வீச்சு 29.1 சதவீதம், ஃப்ரீ த்ரோ ஏறத்தாழ 76. என்.பி.ஏ.வின் முதல் சீசனில் மூன்று புள்ளி வீச்சு 37.6. ஃப்ரீ த்ரோ என்ற அளவுகோல் எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. மற்ற எண்கள் குழப்பும்போது எந்த எண்ணை அதிகம் நம்பலாம் என்று கேட்டால், சூழலின் கலப்பு எதில் குறைவோ அதை நம்பலாம்.

பங்கும் வயதும்

ஒரு வீரரின் கணக்கு அவருடைய அணி அவருக்குக் கொடுத்த வேலையின் கணக்கும்கூட. 2014-15 கென்டக்கி அணியில் திறமைசாலிகள் குவிந்திருந்தார்கள். தொடர்ந்து 38 ஆட்டங்களில் வென்று, 39ஆவதில் தோற்றது அந்த அணி. டெவின் புக்கர் அதில் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியதில்லை. சராசரி சரியாக 10.0 புள்ளி. அதே அணியின் கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் ஆட்டத்துக்கு 21 நிமிடமே ஆடி 10.3 புள்ளி எடுத்தார். மினசோட்டா டவுன்ஸை முதல் இடத்தில் எடுத்தது; அதில் தயக்கத்துக்கு இடமில்லை. புக்கர் 13ஆம் இடம்வரை காத்திருந்தார். ஃபீனிக்ஸ் அவரை எடுத்தது. 2017 மார்ச்சில், 20 வயதில், பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி எடுத்தார். கல்லூரியில் அவருக்குக் குறைவாக இருந்தது வாய்ப்பு. அவர் எடுத்த 10 புள்ளிக்குப் பின்னால் எத்தனை நிமிடம், எத்தனை வீச்சு, எந்த மாதிரி வீச்சு என்று கேட்டவர்களுக்கு அந்த எண் வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

வயதும் இப்படித்தான் கணக்கை மாற்றுகிறது. 2025இல் டல்லஸ் முதல் இடத்தில் எடுத்த டியூக் வீரர் கூப்பர் ஃபிளாக்குக்கு அன்று வயது 18. 2016இல் ஆறாம் இடத்தில் போன ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் 23 வயதில் வந்தார். அதுவும் பின்னால்தான் சரியாகத் தெரிந்தது: எல்லோரும் நம்பிய ஆண்டுக்கு ஓராண்டு முன்பே அவர் பிறந்திருந்தார் என்பது 2018 டிசம்பரில் வெளிவந்தது. நான்காம் ஆண்டு மாணவர், பதினெட்டு வயதுப் பையன்களுக்கு எதிராக எடுக்கும் 25 புள்ளியையும், முதலாண்டு மாணவர் தன்னைவிட நான்கு வயது மூத்தவர்களுக்கு எதிராக எடுக்கும் 15 புள்ளியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இளையவருக்கு வளர இன்னும் காலம் இருக்கிறது.

ஆனால் இந்த உண்மையே மிகையாகிப் பல அணிகளைத் தவறவைத்தது. மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு ஆண்டுகள் ஆடிய டிரேமண்ட் கிரீன் 2012இல் 35ஆம் இடத்தில்தான் எடுக்கப்பட்டார். மார்கெட்டின் ஜிம்மி பட்லர் 2011இல் 30ஆம் இடத்தில். தடுப்பாட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு, ஒரே வீரர் பல இடங்களில் ஆடும் தகுதி, அடுத்தவருக்குப் பந்தை எப்போது கொடுப்பது என்ற முடிவு ஆகியவை அவர்களோடு வந்தன. பல ஆண்டுகளாக எல்லோர் கண் முன்னேயும் இருந்ததாலேயே யாரையும் கவராமல் போனவை அவை.

அளவுகோலும் உடலும்

சிகாகோவில் நடக்கும் டிராஃப்ட் கம்பைன் என்ற சோதனை முகாமில் உயரம், கைநீட்டம், நின்றபடி எட்டும் உயரம், தாவும் உயரம், பக்கவாட்டு வேகம் எல்லாம் அளக்கப்படுகின்றன. பயனுள்ள அளவுகள் இவை. குறிப்பாகக் கைநீட்டம் தடுப்பாட்டத்தில் நேரடியாகப் பயன்படுகிறது. ஆனால் ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத சோதனையும் தலைப்புச் செய்தியாகிவிடும். 2007இல் டெக்சஸின் கெவின் டுரான்ட், 185 பவுண்டு எடையைப் படுத்தபடி ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை. அது பெரிய பேச்சானது. அந்தச் சீசனில் அவர் ஆட்டத்துக்கு 25.8 புள்ளியும் 11.1 ரீபவுண்டும் எடுத்திருந்தார். வலிமை பின்னால் வரும். அந்த நீண்ட உடலும் அந்தக் கையும் பயிற்சியில் வருபவையல்ல.

உடலில் மிகக் கடினமான கேள்வி காயம் பற்றியது. அதே 2007இல் போர்ட்லண்ட் முதலாவதாக எடுத்த ஒஹாயோ ஸ்டேட்டின் கிரெக் ஓடன், முழங்கால் அறுவைச் சிகிச்சையால் முதல் சீசனை முழுதாக இழந்தார். தொடர்ந்த காயங்களுக்கிடையே என்.பி.ஏ.வில் அவர் ஆடியது மொத்தம் 105 ஆட்டங்கள். 1984இல் இதே போர்ட்லண்ட், கென்டக்கியின் சாம் போவியை இரண்டாம் இடத்தில் எடுத்தது; மூன்றாவதாகச் சிகாகோ எடுத்தவர் மைக்கேல் ஜோர்டன். போவி இடது காலின் எலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு சீசன் ஆடாதவர். மருத்துவர்கள் அவரை நெடுநேரம் சோதித்தார்கள். சிறு சுத்தியால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டார்கள். வலித்தது, இல்லை என்று சொன்னேன் என்று பல ஆண்டுகள் கழித்து, 2012இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் போவியே சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் குடும்பத்தின் எதிர்காலம் ஒற்றைப் பதிலில் தொங்கும்போது ஓர் இளைஞர் வேறு என்ன சொல்வார்? மதிப்பிடப்படுபவருக்கும் தன் நலன் உண்டு என்பதை மதிப்பீட்டு முறை கணக்கில் எடுத்தாக வேண்டும்.

பார்ப்பவரின் மனம்

ஹூஸ்டன் ராக்கெட்ஸின் நிர்வாகியாக இருந்த டேரில் மோரி, கணக்கை முன்னிறுத்தியவர்களில் முக்கியமானவர். மைக்கேல் லூயிஸின் 'தி அன்டூயிங் ப்ராஜெக்ட்' நூல் அவருடைய தடுமாற்றங்களையும் பதிவு செய்கிறது. மார்க் கசோல் என்ற வீரரின் உடல்வாகைக் கேலி செய்து அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் பரவியது. அந்தக் கேலி தங்கள் கண்ணை மறைத்துவிட்டது என்று உணர்ந்த மோரி, பட்டப்பெயர்களையே தடை செய்தார். ஒரு வீரரை அதே இனத்தைச் சேர்ந்த மூத்த வீரரோடு ஒப்பிடுவதற்கும் தடை. நிறத்தை வைத்து மனம் எளிதில் ஒற்றுமை கண்டுவிடும், ஆட்டத்தைப் பார்க்காது என்பதே காரணம்.

ஹார்வர்டில் ஆடிய ஜெரமி லின், தைவான் வழி அமெரிக்கர். ஹூஸ்டனின் கணக்கு 2010இல் அவரைப் பதினைந்தாம் இடத்தை ஒட்டி வைத்திருந்தது. ஆனாலும் ஹூஸ்டன் உட்பட எந்த அணியும் அவரை அந்த டிராஃப்டில் எடுக்கவில்லை. ஈராண்டுக்குள் நியூயார்க்கில் அவர் ஆடிய ஆட்டத்தை உலகமே பார்த்தது. முதல் இரண்டு அடிகளில் அவர் எவ்வளவு வேகமானவர் என்பது அளந்த பிறகே புரிந்தது. ஆசிய முகம் கொண்ட ஒருவரிடம் அந்த வேகத்தைப் பார்க்கக் கண்கள் பழகியிருக்கவில்லை.

இதனால் கண்ணை நம்பவே கூடாது என்று முடிவு கட்டுவதும் தவறு. மார்ச் மாதக் கல்லூரிக் கோப்பைப் போட்டியில் திடீரென ஜொலித்தவரை அணிகள் மிகையாக மதிப்பிடுகின்றன என்பது பரவலான நம்பிக்கை. இக்னியோவ்ஸ்கி, பிரஸ்டன் இருவரும் 2012இல் இதை ஆய்வு செய்தார்கள். எதிர்பாராத மார்ச் ஆட்டம் டிராஃப்ட் இடத்தை உயர்த்துவது உண்மை. ஆனால் அப்படி உயர்ந்தவர்கள் பின்னால் அந்த உயர்வுக்கு ஏற்றபடியே ஆடினார்கள். சொல்லப்போனால் அணிகள் அதற்குக் கொடுத்த எடை இன்னும் கூடியிருக்கலாம். வலுவான எதிராளி, தோற்றால் வெளியேற்றம் என்ற நெருக்கடி. அந்தச் சில ஆட்டங்கள் என்.பி.ஏ.வுக்குச் சற்று நெருங்கிவருவதால் அவற்றில் செய்தி இருக்கலாம் என்று கருதுகிறேன்.

டிராஃப்ட் முடிந்த பிறகு

பாரி ஸ்டா, ஹா ஹோவாங் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வை, மதிப்பீட்டைப் பற்றிப் பேசும் எல்லோரும் படிக்க வேண்டும். 1980 முதல் 1986 வரை எடுக்கப்பட்டவர்களை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். ஆட்டத்தின் தரம் ஒன்றாக இருந்தாலும், முன் இடத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு அதிக நிமிடம் கிடைத்தது. அவர்கள் லீகில் அதிக ஆண்டு நீடித்தார்கள். விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என்ற எண்ணம் அணியை விடவில்லை. பின்னர் கேமரரும் வெபரும் இதை மறுபரிசீலனை செய்து, விளைவு முதலில் சொன்ன அளவு பெரிதில்லை, ஆனால் இருக்கிறது என்று கண்டார்கள்.

இதன் பொருள் ஆழமானது. முதல் பத்தில் எடுக்கப்பட்டவர் நன்றாக ஆடினார், ஐம்பதாம் இடத்தில் எடுக்கப்பட்டவர் காணாமல் போனார் என்பதை வைத்து நம் மதிப்பீடு சரி என்று நிரூபித்துக்கொள்ள முடியாது. அந்த மதிப்பீடே ஒருவருக்கு நூறு வாய்ப்பும் மற்றவருக்கு ஐந்து வாய்ப்பும் கொடுத்திருக்கிறது. லெனர்டை எடுத்தது இந்தியானா. அன்றிரவே அவரை சான் அன்டோனியோவுக்கு மாற்றிக் கொடுத்தது. அங்கே சிப் எங்கலண்ட் என்ற பயிற்சியாளர் அவருடைய எறிமுறையைத் திருத்தினார். அனுபவசாலிகள் நிறைந்த அணி என்பதால் முதல் நாளே ஆட்டத்தைச் சுமக்கும் பொறுப்பு அவர் தலையில் விழவில்லை. மூன்றாம் சீசனில், 22 வயதில், இறுதிப் போட்டியின் சிறந்த வீரரானார். மோசமான அணியில் முதல் நாளிலிருந்தே தடுமாற விடப்பட்டிருந்தால் இதே லெனர்டை நாம் பார்த்திருப்போமா?

சூழலின் பங்கைப் பிரித்தறிய இப்போது ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயராலும் படத்தாலும் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். கல்லூரி மாறுவதற்கு இருந்த தடைகளும் தளர்ந்துவிட்டன. பணத்துக்காக அவசரமாக டிராஃப்டுக்கு வரும் தேவை குறைந்திருக்கிறது. ஒரே வீரரை இரண்டு, மூன்று கல்லூரிகளில், வெவ்வேறு பயிற்சியாளர்களின் கீழ், வெவ்வேறு வேலையில் பார்க்க முடிகிறது. அணி மாறியும் மாறாமல் நிற்பது எதுவோ, அது அவருடையது. அணியோடு மறைந்துபோவது எதுவோ, அது அந்த அணி கொடுத்தது.

நல்ல மதிப்பீட்டுக்கு நான் வைக்கும் அளவுகோல்கள் மூன்று. முதலாவது, எந்தத் திறன் கூட வரும் என்று நம்புகிறோம், அதற்கு என்ன சான்று என்பதை டிராஃப்டுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். நினைவு எப்போதும் முடிவுக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். இரண்டாவது, ஒரே விடைக்குப் பதிலாக நல்லதிலிருந்து மோசமானது வரை உள்ள வாய்ப்புகளைச் சொல்ல வேண்டும். ஓடனின் முழங்காலை யாரும் உறுதியாகக் கணித்திருக்க முடியாது. நடக்கக்கூடியவற்றில் அதுவும் ஒன்று என்று சொல்லியிருக்க முடியும். மூன்றாவது, சில ஆண்டுகள் கழித்து, எடுத்தவர்களோடு எடுக்காமல் விட்டவர்களையும் சேர்த்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பிழையின் பெரும்பகுதி விட்டவர்களின் பட்டியலில்தான் இருக்கும்.

இவற்றோடு இன்னொரு கேள்வியையும் ஒவ்வோர் அணியும் தன்னிடம் கேட்டாக வேண்டும்: இந்த இளைஞர் நன்றாக ஆட என்ன வேண்டும், அதை நம்மால் தர முடியுமா? ஒரு பத்தொன்பது வயதுக்காரரைத் தேர்ந்தெடுப்பது, அவருடைய அடுத்த சில ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்பதும்தான். அந்தப் பொறுப்பை நேர்மையாக ஏற்கும் அணிதான் தன் தேர்வு தவறிப்போனால் காரணத்தைக் கண்டுபிடிக்கும். இளைஞர் மீது மட்டும் பழியைப் போடும் அணி அடுத்த டிராஃப்டிலும் அதே தவறைச் செய்யும்.